தண்ணீர் விழுங்கிய தீ

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் எங்கள் வெல்டிங் பட்டறையில், கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டுக் காஸ் எடுக்கும் டிரம், குழாய் வழியே தீ திரும்பி உள்ளே போனதில் வெடித்துத்தான் என் வீட்டுக்காரர் போனார். அந்தக் காஸின் பூண்டு நாற்றம் இன்னமும் என் தலையணையில் அடிக்கிறது. மகள் செல்வியும் அதே தொழிலுக்கு வந்தாள். போன மாதம் அவளே புது டிரம் ஒன்று செய்து, டிரம்முக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு தண்ணீர்ச் சட்டி வைத்தாள்.

"தீ திரும்புனா இந்தத் தண்ணியிலயே செத்துரும்மா. இப்ப வேணும்னே திருப்பி விடப் போறேன், வெளிய போ."

"போனா ரெண்டு பேரும் சேந்தே போவோம்லா. நீ விடுடி!"

கண்ணை இறுக்கி மூடினேன். சட்டியில் 'பொளக்' என்றது, அவ்வளவுதான். செல்வி குதித்தாள், நானும் கைதட்டிச் சிரித்தேன்.

வீட்டில் அரிசி களையும்போதுதான் கை நின்றுவிட்டது. பானையிலும் அந்தச் சட்டி அளவு தண்ணீர்தான் இருந்தது. அவருடைய டிரம்முக்கு அதைக்கூட யாரும் வைக்கவில்லையே.