தோல் லாரியைத் தாண்டிய மூக்கு

இந்த வயதில், ஒரு போலீஸ் மேடம் முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணியபோது கேமராவில் மாட்டிக்கொண்டேன். ஸ்பீடு ஃபைன். அதையாவது கட்டித் தொலைக்கலாம். லைசென்ஸை முடக்கிவிட்டால், ஷூ கம்பெனிப் பெண்களை வேனில் ஏற்றி இறக்கும் வேலையே போய்விடும். அதனால்தான் முறையிடப் போனேன்.

“இன்னா சார், ஓவர்டேக் பண்ணா லிமிட் கெடையாதா?”

“முன்னாடி போனது பச்சைத்தோல் லாரி மேடம். தண்ணி சொட்டினே போவுது. நாத்தம் ஜாஸ்தியாகி மயக்கமே வந்துட்ச்சி. தாண்டாம இருந்தா வண்டிய எங்கயாவது வுட்ருப்பேன்.”

மேடமும் இந்த ஊர்தான். சிரித்துவிட்டார்.

“அப்டியா? வேன்ல இருந்தவங்கள்ல ரெண்டு பேர நாளைக்கு கூட்டினு வாங்க. அவங்களும் சொல்லட்டும், பாக்கலாம்.”

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரைக் கூட்டிப்போவது, நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் வேன் சீட்டுக்கடியில் எலி செத்து நாறியபோது, அத்தனை பெண்களும் கத்திக்கொண்டு இறங்கி ஓடினார்கள். பாதி ஆயுசைத் தோல் பதனிடும் ஷாப்பில் கழித்த என் மூக்குக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.