மியூசியத்தில் ஒரு மொட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டமே இல்லாத நேரம், மியூசியத்துக்குள் ஒரு பெண் சூடம் ஏற்றிவிட்டாள். வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் வாசனைதான் வந்தது. போட்டேன் பாருங்கள் ஒரு ஓட்டம்.

"ஏத்தா! என்னத்தா பண்ணுற? தீ வைக்கிற இடமா இது?"

ஓசூர்ப் பக்கம் வந்து பிள்ளைகளே கல்யாண வயதுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் கோபம் வந்தால் எனக்கு விருதுநகர்ப் பேச்சுதான் வரும். கம்பெனியில் லைனில் நின்ற காலத்தில் சூப்பர்வைசரே என் வாய்க்குப் பயப்படுவார். மணிக்கட்டு வலி தாங்காமல் அந்த வேலையை விட்டபிறகு, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் இந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் சேர்ந்தேன். டிக்கெட் கிழிப்பது, சுற்றிக் காட்டுவது, கண்ணாடிப் பெட்டி துடைப்பது எல்லாம் நான்தான்.

அந்தப் பெண் திருப்பிச் சண்டை போடவில்லை. சூடத்தை உள்ளங்கையால் அவளே அணைத்தாள். முப்பது வயது இருக்கும். நான் மல்லுக்கட்டத் தயாராக நிற்கிறேன், அவளோ தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எங்க சாமிங்க இது. வேடியப்பன்" என்றாள்.

அது மார்பளவு உயரமுள்ள ஒரு நடுகல். கையில் வில்லோடு ஒரு ஆள், காலடியில் ஒரு மாடு. மாடு கவர்ந்து போனவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு வைத்த கல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஒப்பிப்பது வழக்கம். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு நிலம் கம்பெனிக்கு விலையானபோது, அதில் ஒரு மேட்டில் நின்ற இந்தக் கல்லை நிலத்துக்காரர்களே எங்களிடம் கொடுத்தார்கள். இவள் அந்த வீட்டு மருமகளாம்.

"உங்க வீட்டு ஆளுங்கதானம்மா சம்மதிச்சுக் குடுத்தது?"

"ஆம்பளைங்க குடுத்தாங்க. என்னைய யாரு கேட்டா? நான் அப்ப அம்மா வீட்ல இருந்தேன். திரும்பி வந்தா மேடு காலியா கெடக்குது."

பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது, இது தங்கினால் முதல் முடி உனக்குத்தான் என்று இந்தக் கல்லிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். பையன் பிறந்தான், நன்றாகவும் இருக்கிறான். ஆனால் பங்காளிகளுக்குள் சண்டை, யார் பொங்கல் வைப்பது என்று வருஷா வருஷம் தள்ளிப்போய், அதற்குள் கல்லே ஜேசிபியில் ஏறிவிட்டது. வீட்டு ஆண்கள் வேறிடத்தில் டைல்ஸ் ஒட்டிக் கோயில் கட்டி, பளபளவென்று கிரானைட்டில் புது வேடியப்பனை வைத்துவிட்டார்கள். ஜூனில் பையனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் அங்கேயே மொட்டை போட்டுவிடலாம் என்கிறார்களாம்.

"அந்தச் சாமிகிட்ட நான் ஒண்ணும் வேண்டிக்கலீங்களே. அவரு யாரு, நான் யாரு? இவர்கிட்டதான வாக்குக் குடுத்தேன். மொட்டையை இங்கயே இவரு முன்னாடி போட்டுக்கறேங்க" என்றாள்.

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயத்தைச் சொல்லி எங்கள் செயலாளரிடம் வேலை நடக்காது. ரிடையர் ஆன வரலாற்று வாத்தியார். கல்லில் எண்ணெய் பட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னிக்கு இவங்க மொட்டை, நாளைக்கு இன்னொருத்தர் கெடா வெட்டு. மியூசியத்தைக் கோயிலாக்கச் சொல்றீங்களா?" என்றார்.

அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

அன்று சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கும்போதுதான் யோசனை வந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை 'பொருளும் பேச்சும்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்துவோம். யாராவது ஒரு பழைய பொருளைப் பற்றியோ ஊர் விஷயத்தைப் பற்றியோ பேச வேண்டும். சானமாவுக் காட்டு யானைகளைப் பற்றி ஒருவர் பேசிய அன்று நாற்காலி போதவில்லை. மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவதுதான். நாணயம் சேர்க்கும் ஒருவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். சமோசாவுக்காக உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து போய்விடுவார்கள். அடுத்த மாதத்துக்கு ஆளே கிடைக்கவில்லை என்று செயலாளர் சார் புலம்பிக்கொண்டிருந்தார்.

"சார், ஆளு கெடைச்சாச்சு. பொருள் நம்ம நடுகல்லு. பேச்சு அந்தப் பொண்ணு. பேச்சோட செய்முறை விளக்கம்" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கிறார் என்று தெரிந்தது. பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். கல்லைத் தொடக்கூடாது. உள்ளே நெருப்புக் கூடாது. மொட்டை வராந்தாவில், கதவைத் திறந்து வைத்து, கல்லுக்கு நேர் எதிரே. பொங்கல் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில். ரத்தம் என்ற பேச்சே கூடாது.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாமனாரின் அண்ணன்தான் முறுக்கிக்கொண்டார். புதுக் கோயிலுக்கு இவ்வளவு செலவு செய்தது எதற்கு என்று குதித்தாராம். நோட்டீஸில் சிறப்பு விருந்தினர் என்று அவர் பெயரைப் போட்டோம். கோபம் போன இடம் தெரியவில்லை. ஆண்டவனே, இந்த ஆம்பளைகளை என்ன சொல்ல!

சனிக்கிழமை ஒரு வேன் நிறைய சொந்தபந்தம் வந்து இறங்கியது. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே வேனுக்குள். எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைகள், லீவில் இருந்த கம்பெனிப் பையன்கள், அப்புறம் அந்த நாணயக்காரர். யாரோ ஒரு சேவலைப் பையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சார் வரவேற்புரை தொடங்கியதும் அது கூவியது. சார் என்னைப் பார்த்தார், நான் மேற்கூரையைப் பார்த்தேன். சேவல் மறுபடி வேனுக்கே போனது.

பையனுக்கு இடுப்பு வரை முடி, பின்னிக் குஞ்சம் வைத்திருந்தது. தாய்மாமன் நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி யூனிபார்மோடே ஓடிவந்து அவனை மடியில் உட்காரவைத்தான். கத்தி பட்டதும் பையன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப்பார்த்தது. சார் விடாமல் மைக்கில் விளக்கினார், கிரிக்கெட் கமென்டரி கெட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒருவர்கூட எழுந்து போகவில்லை. முடி விழ விழ அந்தப் பெண் பையனைப் பார்க்கவே இல்லை. கதவு வழியாகக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து, கேள்வி கேட்கலாம் என்றார் சார். ஒரு பள்ளிப் பெண் எழுந்து, "அவர் யாரு, எந்தச் சண்டையில செத்தாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். மைக் பையனின் அம்மா கைக்குப் போனது.

"அதெல்லாம் தெரியாது பாப்பா. ரெண்டு புள்ளைங்க போச்சு எனக்கு. வீட்ல அழுதா, வெளக்கு வெக்கற வீட்ல என்ன அழுகைன்னு அதட்டுவாங்க. புல்லு அறுக்கப் போறேன்னு சொல்லிட்டு மேட்டுக்குப் போயிருவேன். இவர் முன்னாடி உக்காந்து அழுவேன். இவரு ஒருத்தருதான் நிறுத்துன்னு சொல்லல."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிறப்பு விருந்தினர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பொங்கல் தயார் என்று வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு, கதவைச் சாத்தலாம் என்று போனேன். அவள் உள்ளே நின்றுகொண்டிருந்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பையன் இடுப்பில் தூங்கிவிட்டிருந்தான். வேண்டுதல் முடியாமல் பிள்ளையைச் சாமி முன் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். அதனால் இத்தனை வருஷத்தில் பையன் இவர் முன்னால் வருவது இதுதான் முதல் தடவை. நான் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. பையனின் முகத்தை மெல்லக் கல்லின் பக்கம் திருப்பினாள்.

"இவன்தான்" என்றாள்.