டேங்க் மூடிக்கு ஒரு செருப்பு

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலையை விட்டு விரட்டிவிட்டதால் சங்கரன்கோவிலை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. வழியில் ஒரு வாத்தியார் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பெட்ரோலில் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். டேங்க் மூடி ஒழுகியது. பின்னால் ஏற்றிக்கொள்வாரே என்று, ஆறாம் வகுப்பு தாண்டாத நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். என் ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக அறுத்து மூடிக்குள் திணித்தேன். ஒழுகல் நின்றது. இரண்டு மைலில் வண்டியும் நின்றது.

“ஏலே, ஒழுகும்போது ஓடிச்சு. இப்ப ஒழுகல, ஓடவும் மாட்டேங்கு!”

சங்கரன்கோவில் வரை தள்ளினேன். ஒர்க் ஷாப்காரர் மூடியைத் திறந்து சிரித்தார். காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்குமாம்; அதற்காக மூடியில் விட்டிருந்த துளையை என் செருப்பு அடைத்திருந்தது.

“இம்புட்டுத் தூரம் தள்ளுனது யாரு வே?”

“நாந்தான் அண்ணாச்சி.”

மறுநாள் காலை அந்த ஒர்க் ஷாப்பிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். ரிப்பேர் பார்க்க அல்ல, கிளம்பாத வண்டிகளைத் தள்ள.