செல்வி பிடித்த என் கை

தொண்ணூறுகளின் கடைசியில் தேனியில் ஒரு நர்சிங் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பொம்மை நோயாளிக்கு ஊசி போடும் பயிற்சியின்போது, மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்த செல்வி மருந்தின் பெயரை இரண்டாம் முறை கேட்டாள். "இதென்ன தேயிலை பறிக்கிறதுன்னு நெனச்சியா? பொம்மையவே கொன்னுருவ போல" என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அவள் எதுவுமே கேட்டதில்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வார்டில், காய்ச்சலோடு படுத்திருந்த ராயப்பன்பட்டி அம்மா ஒருவருக்கு நானே பொடி மருந்தைக் கலக்கிச் சிரிஞ்சில் எடுத்தேன். பக்கத்தில் செல்வி நின்றாள். நரம்பில் ஏற்றப் போன நொடியில் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கண்ணால் மருந்துத் தட்டைக் காட்டினாள்.

மருந்து கலக்க நான் உடைத்த கண்ணாடிக் குப்பியில் இருந்தது தண்ணீர் இல்லை, பொட்டாசியம். அப்படியே ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

சிரிஞ்சைத் தட்டிலேயே போட்டேன். "என்ன தாயி, ஊசி போடலையா?" என்று அந்த அம்மா கையை நீட்டியபடியே இருந்தார்.

வராந்தாவில் செல்வியிடம் கேட்டேன். "ஒடைக்கும்போதே பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"பின்ன ஏன் அப்பவே சொல்லல?"

"தப்பாச் சொல்லிட்டா எல்லாரும் சிரிப்பாகளேன்னு பயந்துட்டேன்."

அன்றே தலைமை நர்ஸிடம் என் தவற்றை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குமுன் என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் எந்தெந்த வார்டுகளிலோ வேலை பார்க்கிறார்கள். கண்முன் தவறு நடக்கும்போது அவர்களில் யாராவது வாய் திறக்காமல் நிற்பார்களோ என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.