மூன்று மடிப்பு ஆள்

இரண்டு கால்களை வரைந்ததற்காகக் குடும்பமே மூட்டை கட்டும் நிலைக்குப் போய்விடும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் அன்று வயிற்று வலி என்று வீட்டிலேயே படுத்திருப்பேன்.

எழுபதுகளில் கேரள மலையில் சூரியநெல்லிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படம் என்றால் ஹெட்மாஸ்டர் தலைக்கு மேல் தொங்கும் காலண்டர் ஒன்றுதான். பாலக்காட்டிலிருந்து வந்த புது டீச்சருக்கு அது போதவில்லை. ஒரு பெட்டி மெழுகுக் கலரைத் தரையில் கொட்டி, எங்களை மும்மூன்று பேராக உட்காரவைத்து ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். நீளத் தாளை மூன்றாக மடிக்க வேண்டும். ஒருவர் தலையை வரைந்து, அடுத்தவர் கண்ணில் படாமல் மடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் உடம்பு, மூன்றாமவர் கால். கடைசியில் பிரித்தால் முழு ஆள் வந்துவிடுவார்.

“எட்டிப் பார்க்கக் கூடாது, கேட்டோ? நிங்கள் தினம் காணுற ஆளை வரையணும்,” என்றார் டீச்சர்.

தலை ஜீப் டிரைவர் மகனுக்குப் போனது. உடம்பு பெரியம்மா மகளுக்கு. எனக்குக் கால். காலில் வரைய என்ன இருக்கிறது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். ஆனாலும் சும்மா விடவில்லை. வெறுங்கால் இரண்டு போட்டு, விரல்களைப் பிரித்து, முழங்காலுக்குக் கீழே சிவப்புக் கலரால் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒவ்வொன்றையும் பாதம் வரை வழியவிட்டேன். மழைக்காலத்தில் பெரியவர்கள் கால் என்றால் அப்படித்தான் இருக்கும். கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா சாயங்காலம் ரத்தம் குடித்து ஒட்டியிருக்கும் அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடிவாயில் சுண்ணாம்பு தடவுவாள். அதையும் வரைந்தேன், வெள்ளைத் தாளில் வெள்ளைக் கலர் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பார்க்க அன்றைக்கென்று துரை வந்தார். வெள்ளைக்காரர் போய் நம்மவர் மேனேஜராக வந்த பிறகும் எங்களுக்குத் துரை துரைதான். பள்ளிக்கூடம் அவருடையது, தொழிலாளர் வரிசையில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடு அவருடையது, அவர் பங்களாவில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் என் அப்பாவும் ஒருவகையில் அவருடையவர்தான். துரை கூரையை விட்டுவிட்டு எங்கள் தாள்களைக் குனிந்து பார்த்தார். டீச்சருக்கு ஒரே குஷி. கைக்கு அகப்பட்ட தாளை உயர்த்தி எல்லாரும் பார்க்கப் பிரித்தார். அது எங்கள் தாள்.

மேலே துரையின் தொப்பி, துரையின் முறுக்கு மீசை, வாயில் துரையின் பைப். டிரைவர் மகன் தினம் காணும் ஆள் அவர்தானே. நடுவில் இடுப்பைச் சுற்றிய சாக்கு, முதுகில் கொழுந்துக் கூடை. கீழே ரத்தம் வழியும் என் கால்கள்.

மூன்று பேரும் சொன்னதைச் சொன்னபடிதான் வரைந்திருந்தோம். ஒருவர் வரைந்ததிலும் தப்பில்லை. சேர்த்துப் பார்த்தால் துரை கூடை சுமந்து, ரத்தக்காலோடு நிற்கிறார்! பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்துச் சிரிப்பை விழுங்கினான். ஹெட்மாஸ்டருக்கு முகம் வெளுத்தது.

“யாரு வரைஞ்சது இதை?” என்று கத்தினார். அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் கிடையாது.

துரை கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கால்களின்மேல் விரலை வைத்து, “இது என்ன சிவப்பு?” என்று கேட்டார்.

“அட்டை கடிச்சது துரை. எங்கம்மா காலு இப்படித்தான் இருக்கும்,” என்றேன்.

“உங்கப்பா யாரு?”

சொன்னேன். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்.

நான் லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. பங்களா வேலை போனால் வீடும் போகும்; பாயைச் சுருட்டிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்க வேண்டியதுதான். பெரியம்மா, தன் மகள் வரைந்தது நடுத்துண்டு மட்டும்தான் என்று வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு, என் முதுகில் இரண்டு அடியும் வைத்துவிட்டுப் போனாள். அம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. படியில் உட்கார்ந்து வழக்கம்போலக் காலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்பா சிரித்த முகத்தோடு வந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

“வேலைக்கு ஒண்ணும் ஆகல. துரை படத்தக் காட்டி, ஒன் பொஞ்சாதி காலு இப்படியா இருக்குன்னு கேட்டாரு. நான் ஒரே போடாப் போட்டேன். அது புள்ள வெளையாட்டுக்குக் கிறுக்குனது துரை, எங்க வீட்ல யாரையும் அட்ட கடிக்கிறதே இல்லன்னுட்டேன்.”

“அதுக்கு என்ன சொன்னாரு?” என்றாள் அம்மா.

“கொழுந்தெடுக்குற பொம்பளைகளுக்கெல்லாம் பூட்ஸ் வாங்கணுமோன்னு யோசிச்சாராம். அப்பத் தேவையில்லன்னுட்டாரு. தப்பிச்சோம்!”

அம்மா சுண்ணாம்பு விரலோடு நிமிர்ந்து அப்பாவையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் கண்டதே இல்லை. வேலை பிழைத்த சந்தோஷம் என்று நினைத்து நானும் கைதட்டிச் சிரித்தேன்.

அம்மா சேலையை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டாள். குளிருகிறதாக்கும் என்று நான் உள்ளே ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துவந்து கொடுத்தேன்.