நாத்தனார் பார்த்து எடுத்த படகு

வீரசோழன் பழைய இரும்புக் கடையில் அன்றைக்குக் கடைக்கார பாய் இருந்தார். எடை போடுகிற ஆள் இருந்தார். என் வீட்டுக்காரர் இருந்தார். அவருடைய அக்கா இருந்தார். எனக்கு நாத்தனார், மதினி என்று கூப்பிடுவேன். பாலவனத்தத்தில் வாழ்க்கைப்பட்டவர், இதற்காகவே பஸ் மாறி வந்திருந்தார். நான் இருந்தேன். பாயின் ஆடுகள் இருந்தன. நடுவில், முன்பக்கம் ஒரு கருங்கல் பின்பக்கம் ஒரு கருங்கல் வைத்து, அதன்மேல் ஒரு அலுமினியப் படகு இருந்தது. ஏதோ ஒரு அணையில் ஆள் ஏற்றிச் சுற்றிக் காட்டி ஓய்ந்த படகு, ஏலத்தில் வந்தது என்றார் பாய். புதிதாக வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தது. எங்கள் பக்கம் படகைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. நரிக்குடி சுத்துப்பட்டில் கண்மாய் நிறைந்தால் சில மாதம் தண்ணீர், பிறகு வெடிப்பு. மீன் பிடிக்கிறவர்கள் லாரி டியூபில் உட்கார்ந்தோ, தெர்மாகோல் அட்டைகளைச் சாக்கில் வைத்துக் கட்டி அதன்மேல் குப்புறப் படுத்தோதான் வலை போடுவார்கள். படகு கடல்காரர்கள் சாமான்.

என் வீட்டுக்காரருக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பிட்டும் வரும். சொல்லிவிட்டு வராது. முந்தின மழைக்குத் தெர்மாகோலிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் போனவரை, பக்கத்தில் டியூபில் இருந்தவர்கள் முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் கரையில் கூடையோடு நின்றேன். நீந்தத் தெரியாது. மீன் வேலையை விடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள். விட்டு எங்கே போவது? கொத்து வேலைக்குச் சாரத்தில் ஏற முடியாது. கரிமூட்டத்துக்குப் போனால் நெருப்புப் பக்கத்தில் நிற்கணும். எல்லாரும் பேசி முடித்த பிறகு மதினி ஒரே வார்த்தைதான் சொன்னார். “விழுறவன் எங்க போனாலும் விழுவான். விழுற எடம் நல்லதா இருக்கணும்.” அதனால்தான் படகு. சுற்றிலும் விளிம்பு உண்டு, அடி தட்டை. விழுந்தாலும் உள்ளேதான் கிடப்பார்.

மதினி படகை ரெண்டு சுற்று சுற்றினார். தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் ரிவிட்டு வரிசையாக அடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஸ்பேனரை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். பல ரிவிட்டு கிண் என்றது. சிலது டொக் என்றது. பெயிண்ட் கனம் என்றார் பாய். மதினி கட்டைவிரல் நகத்தால் அந்தப் பெயிண்டைச் சுரண்டினார். ரிவிட்டுத் தலையைச் சுற்றி உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைப் பொடி இருந்தது. ஒழுகுமா என்று கேட்டார். பாய் ஒளிக்கவில்லை. படகு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஒரு டப்பாவைப் போட்டு வைத்து அப்பப்ப மோந்து ஊற்ற வேண்டியதுதான், ஊர் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார்.

“மோந்து ஊத்துறவுகளுக்குச் சரி பாய்,” என்றார் மதினி. “இவன் குப்புற விழுவான். விழுந்தா மூஞ்சியத் திருப்பத் தெரியாது. நாலு விரக்கடை தண்ணி போதும்.”

என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் துடைத்து எடை போடுகிற ஆளிடம் கொடுத்துவிட்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேசுவது எங்களுக்குப் புதிதில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் குடம் வாங்கினால் சும்மா வாங்க மாட்டார்கள். வாய் முட்டத் தண்ணீர் ஊற்றி, காய்ந்த தரையில் வைத்து, ஒரு நேரம் விட்டு எடுத்து, அடியில் ஈரத்தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தண்ணிக்கு நடையாய் நடக்கிற ஊரில் ஒழுகுகிற குடத்தை யாரும் சுமக்க முடியாது. மதினி படகையும் அப்படித்தான் பார்க்கணும் என்றார். கொஞ்சமாக ஊற்றிப் பார்த்துக்கொள் என்று சொல்லி, கடைக்குப் பின்னால் உள்ள உப்புத் தண்ணி போரிலிருந்து ஓஸ் இழுத்துக் கொடுத்துவிட்டு, பாய் மதியத்து லுஹர் தொழுகைக்குப் போனார். எடை போடுகிற ஆளும் கூடப் போனார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மதினிக்குக் குடத்தின் கணக்குத்தான் தெரியும். வாய் முட்ட ஊற்றினால்தான் பார்த்த மாதிரி. பாய் திரும்பி வரும்போது படகு விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். “நிறுத்துத்தா, ஓஸை எடு” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அடியில் பொரி வெடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் படகு தொய்ந்து, இணைப்பு வாய் பிளந்து, தண்ணீர் மொத்தமும் கடைவாசலில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தரை குடித்துவிட்டது. மிச்சத்தை ஆடுகள் வந்து முகர்ந்துவிட்டு விட்டுவிட்டன. உப்புத் தண்ணி.

பாய் ஓஸைச் சுருட்டி ஓரமாகப் போட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். “கொடத்துக்குத் தண்ணி உள்ள இருக்கணும்த்தா. படகுக்கு வெளிய இருக்கணும். வெளிய இருக்கிற தண்ணி அதத் தாங்கிப் பிடிக்கும். ரெண்டு கல்லு தாங்குமா?”

அவர் சொன்னது சரி. எனக்கே அப்போதுதான் புரிந்தது. மதினிக்கும் புரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து படகுக்கு அடியில் போய், சகதியில் கிடந்த ரிவிட்டுத் தலைகளைப் பொறுக்கினார். முந்தியில் துடைத்தார். ஒவ்வொன்றையும் வெயிலில் திருப்பிப் பார்த்து, கல்லின் மேல் ரெண்டு குவியலாக வைத்தார். ஒரு குவியலில் முறிந்த இடம் புதுக் காசு மாதிரி பளபளத்தது. இன்னொரு குவியலில் முறிந்த இடமும் கருத்து, பொடி ஏறி, எப்போதோ செத்த பல் மாதிரி இருந்தது. பாயைக் கூப்பிட்டார். பளபளத்த குவியலைத் தொட்டு, “இது நான் ஒடச்சது” என்றார். கருத்த குவியலைத் தொட்டு, “இது நீங்க விக்க வச்சிருந்தது” என்றார்.

பாய் ரெண்டு குவியலையும் பார்த்தார். சிரித்துவிட்டார். வேண்டுமென்றே விலையைக் குறைக்க வந்த பொம்பளையோ என்று ஒரு நிமிசம் நினைத்தேன் என்றார். நல்ல மனுசன். படகு விலை வேண்டாம், பழைய தகட்டு எடைக்கு எடுத்துக்கொள் என்று சொல்லி, தூக்கிவிட ஆளும் கொடுத்தார்.

அருப்புக்கோட்டையில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் கொண்டுபோய் இறக்கினோம். மேஸ்திரி துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைக் காட்டி, பாப் ரிவிட்டு அடித்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்றார். மதினி அந்த ரிவிட்டு ஒன்றை வாங்கிக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். நடுவில் குழாய் மாதிரி துளை இருந்தது. கம்பி இழுத்தால் அடைந்துவிடும் என்றார் மேஸ்திரி. லாரியில் பத்து மழை தாங்கும் என்றார். லாரி மிதக்குமா என்று மதினி கேட்டார். மேஸ்திரி போய்த் துளையில்லாத கட்டி ரிவிட்டு எடுத்து வந்தார். அது ஓர் ஆள் வேலை இல்லை. வெளியே ஒருவர் சுத்தியலால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை ரிவிட்டுத் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கணும். பட்டறையில் ஆள் குறைவு. நான் படகுக்குள் உட்கார்ந்து பிடித்தேன். கை மரத்துப் போனது. அன்று ராத்திரி சோறு பிசைய முடியவில்லை. தகடும் தகடும் சேருமுன் லாரிக் கண்ணாடிக்கு வைக்கிற பசையை இடையில் அப்பச் சொன்னார் மேஸ்திரி. மதினி வெளியே நின்று ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்தார். டொக் என்றால் “அண்ணே, அது” என்பார். மேஸ்திரி முனகிக்கொண்டே திரும்ப அடிப்பார். பொம்பளைக்குக் காது இருக்கிறதா ஸ்டெதாஸ்கோப் இருக்கிறதா என்று பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கேட்டார்.

மறுபடி தண்ணீர் ஊற்றினோம். இந்தத் தடவை மேஸ்திரி பழைய டயர்களை நெருக்கமாகப் பரப்பி அதன்மேல் படகை வைக்கச் சொன்னார். மதினி மறுபேச்சுப் பேசவில்லை. இணைப்பில் வெளிப்பக்கம் முழுக்க காய்ந்த அடுப்புச் சாம்பலைத் தேய்த்தார். உள்ளே நாலு விரக்கடை மட்டும் ஊற்றினார். அவரே கையை வைத்து அளந்தார். பிறகு டயர்களுக்கு இடையில் ஊர்ந்து போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். சாம்பல் எங்கே கருக்கிறதோ அங்கே ஈரம். வெகு நேரம் கழித்து உள்ளிருந்தே ரெண்டு இடத்தைச் சொன்னார். அடித்துச் சரி செய்தார்கள். திரும்பவும் படுத்தார். வெளியே வந்தபோது தலை, ரவிக்கை எல்லாம் சாம்பல். தம்பியைப் பார்த்து, ஈர வலையை இனிமேல் படகின் அடியில் போடக் கூடாது, ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்து அதற்குள்தான் போடணும், இல்லையென்றால் இவ்வளவு பாடும் வீண் என்றார். அவர் சரி என்றார்.

கண்மாய் நிறைந்த பிறகு ஒரு காலையில் வலிப்பு வந்தது. நான் கரையில் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது படகு மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. படகு காற்றுக்குத் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டியூபில் இருந்தவர்கள் கையால் துழாவிக்கொண்டு போனார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கக் கன்னத்தில் ரிவிட்டுத் தலைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. உதட்டில் ரத்தம். வேறொன்றும் இல்லை. எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

மதினிக்குப் போன் போட்டேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்கவில்லை.

“சட்டை நனைஞ்சிருந்துச்சா?”

“இல்ல மதினி.”

“சரி,” என்றார். வைத்துவிட்டார்.

மதினி போன ஆடியில் இறந்தார். நெஞ்சுவலி; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாலவனத்தத்துக்குப் போய் நீர்மாலை எடுத்து, எல்லாம் முடித்து வந்தார். அவருக்கு அக்கா என்றால் எவ்வளவு என்று வாயால் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கும் மதினிக்கும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் என்னைப் பற்றி நாலு இடத்தில் நாலு சொன்னவர்தான். இந்த மழைக்குக் கண்மாயில் தண்ணீர் ஏறியதும் பழைய டயர்களை நான்தான் உருட்டிக்கொண்டு போய்ப் பரப்பினேன். நாலு விரக்கடை ஊற்றினேன். சாம்பல் தேய்த்து, படகுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். கண்ணில் சாம்பல் விழுந்தது. வேறொன்றும் கருக்கவில்லை. மறுநாள் விடிய என் வீட்டுக்காரர் படகைத் தள்ளினார்.

இதுவரை அவர் படகுக்குள் விழுந்தது ஒன்பது தடவை.