சனிக்கிழமை காலை மாத்திரை

என் தம்பி கூடலூரில் ஜீப் ஓட்டினான். விடிவதற்குள் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவான். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவான். நான் வெளியூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால், வலியைப் பற்றிப் படிக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவனுக்கு மட்டும் விவரமாகச் சொல்லியிருந்தேன்.

வலியை அடக்க மூளை தானே சில சின்னப் புரதத் துணுக்குகளைச் சுரக்கிறது. அவை போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே நரம்புகளில் ஏற்பிகள் இருக்கின்றன. மார்ஃபினும் அதே ஏற்பிகளில்தான் ஒட்டுகிறது. ஆனால் வலியோடு சேர்த்து விழிப்பையும் அமுக்கிவிடுகிறது. விழிப்பைத் தொடாமல் வலியை மட்டும் அடக்கும் ஒரு துணுக்கைச் செய்ய நாங்கள் வருடக்கணக்காக முயல்கிறோம். சோதனைக் குழாயில் நன்றாக ஒட்டும். எலியின் ரத்தத்தில் கலந்ததும் கொஞ்ச நேரத்தில் சிதைந்துபோகும்.

அவனுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்தபோது லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அவனால் படுக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். தேனி டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. கொடுக்க அவன் மனைவிக்குப் பயம்.

“போதை மருந்துன்றாகளே மதினி. பழகிட்டா விட முடியாதாம்ல.”

இந்த வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில், அந்தப் பயம் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். அவள் தன் கையாலேயே கொடுத்தாள். மத்தியானத்துக்குள் அவன் விரல்கள் சட்டத்தை விட்டன. தலையணையில் சாய்ந்தான். வலி போய்விட்டதா என்று கேட்டேன்.

“போகலக்கா. அங்கனதான் இருக்கு. என்னைய விட்டுட்டுத் தள்ளிப் போயி உக்காந்திருக்கு.”

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கேட்டு வாங்கி, நாலு வாய் சாப்பிட்டான். அவன் மனைவி அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள்.

நோய் வளர வளர டாக்டர் அளவைக் கூட்டினார். தூக்கமும் கூடியது. மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவன் மகள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவாள். ஒரு சனிக்கிழமை அவளை நான் என்று நினைத்து, “அக்கா” என்று கூப்பிட்டான். அவள் சிரித்தபடி “என்னப்பா” என்றாள். பிறகு கொல்லைப்பக்கம் போனவள் நெடுநேரம் வரவில்லை. இது எப்படியோ அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலை மாத்திரையை நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை.

இடையில் நிறுத்தினால் வலி ஒரேயடியாக ஏறிவிடும் என்று கெஞ்சினேன்.

“மருந்து போட்டா வலி போகுது, நெசந்தான். கூடவே என் புள்ளையும்ல போயிருது” என்றான். பிறகு, “அந்த ரெண்டையும் பிரிக்கத்தானக்கா நீ படிக்கிற?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

“இன்னும் ஆகலையா?”

“ஆகலடா.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். குறையாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மகள் வந்தாள். வியர்த்து ஊற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு, விடுதிச் சாப்பாடு எப்படி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்றெல்லாம் அவளை விசாரித்தான். போர்வைக்குள் அவன் கால் வெடுக்கென்று இழுத்து இழுத்து அடங்கியது. மருந்து வேலை செய்யாத எலிகள் அப்படித்தான் காலை இழுக்கும். எத்தனையோ முறை கடிகாரத்தோடு உட்கார்ந்து அதைக் குறித்திருக்கிறேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

டாக்டரிடம் சொன்னோம். அவர் மருந்து நேரத்தை மாற்றினார். தூக்கத்தைக் குறைக்க வேறொன்றும் சேர்த்தார். கொஞ்ச நாள் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அவன் வாயை மூடிக்கொள்வது தொடர்ந்தது. மகள் குளிக்கப் போகும் சமயம் பார்த்து, “இப்பத் தா” என்று கையை நீட்டுவான்.

அவன் இறந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். காலையில் மாத்திரை போட்டிருந்தான். முகத்தில் சுளிப்பு இல்லை. மூச்சு மாறியதும் மகளுக்குப் போன் செய்தோம். அவள் வந்த பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவள் அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வலியில்லாமத்தான்டா போனாக” என்றாள் அவள் அம்மா.

“என்னையக் கேட்டாகளா?”

“கேட்டாக.”

காலையில் மாத்திரை போட்ட பிறகு அவன் கண்ணே திறக்கவில்லை. மகள் என் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, இன்னைக்கு மாத்திரை குடுத்தீகளா?”

கொடுத்தோம் என்றேன். அவள் போர்வையை இழுத்து அப்பாவின் காலை மூடினாள்.

“சரி, நல்லாத் தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் அழத் தொடங்கினாள்.